உழைக்கும் பழமை

பழம்பொருள் சேகரிப்போரில் நாணயத்தையும் தபால்தலையையும் நாடுவோரே மிகுதி எனினும், அமெரிக்கக் காரியாலய மேஜைகளில் ஒரு காலத்தில் கம்பீரமாய் வீற்றிருந்த எஃகு ஸ்டேப்ளர்களைத் தேடித் திரிவோரும் அந்நாட்டில் உண்டு. அவர்களுள் சிலர் வாங்கியதை அலமாரியில் வைத்துப் பூஜிக்காமல் நித்தமும் உபயோகிக்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

ஆனால் பழையது எல்லாம் உழைக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஸ்டேப்ளரின் ஆயுள் அதன் எஃகின் கனத்தை மட்டும் பொறுத்ததன்று. அதற்கு ஏற்ற பின் இன்றும் கடையில் கிடைக்கிறதா என்பதையும் பொறுத்தது. 1879-இல் ஜார்ஜ் மெக்கில் உரிமை பெற்ற யந்திரத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு பின்னைக் கையால் பொருத்தியாக வேண்டும். பின்னர் கனெக்டிகட் மாநிலத்து நார்வாக்கிலிருந்து வந்த ஹாட்ச்கிஸ் யந்திரமோ, மீன்முள் போல் ஒன்றோடொன்று ஒட்டிய உலோகப் பட்டையை விழுங்கி, அழுத்தும்போது ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தது. அதற்கு வேண்டிய புஜபலம் குமாஸ்தாக்களுக்கு உகந்ததாய் இருந்திராது. பார்வைக்கு மனோகரமான அந்த யந்திரம் இன்று பட்டை கிடைக்காமல் வெறும் காட்சிப்பொருளாகிவிட்டது.

ருஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஜாக் லின்ஸ்கி 1925-இல் தொடங்கி, பிற்காலத்தில் ஸ்விங்லைன் என்று பிரசித்தி பெற்ற கம்பெனி, 1930-களின் இறுதியில், மேல்மூடியைத் திறந்து, பசையால் லேசாக ஒட்டிய பின்வரிசையை அப்படியே உள்ளே இடும் ஸ்டேப்ளரைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அம்மரபில் வந்த பழைய ஸ்விங்லைன்கள் பலவற்றுக்கு இன்றைய 26/6 பின்னே போதும்: 26 என்பது கம்பியின் தடிப்பைக் குறிக்கும் எண், 6 என்பது காலின் நீளம், மில்லிமீட்டரில். நம் ஊர்க் கடைகளில் மலிந்திருக்கும் 10-ஆம் நம்பர் சிறு பின் இவற்றுக்கு உதவாது. பாஸ்டிச் கம்பெனியின் பி-8 தனக்கென ஒரு தனிப் பின்னைக் கேட்கும். நல்ல வேளையாக அது இன்றும் தயாராகிறது.

வாங்குவோர் வர்ணம் உதிர்ந்திருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். பின்னைக் கீழே தள்ளும் தகட்டின் நுனி மழுங்கியிருக்கிறதா, காலை மடக்கும் அடித்தட்டின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்பவற்றையே பரிசோதிக்க வேண்டும். உள்ளே சிக்கிய துருவை மண்ணெண்ணெயில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். அதிகம் விட்டால் காகிதம் கறைபடும். புதிதாக வர்ணம் பூசுவது, என் அபிப்பிராயத்தில், அதன் வயதுக்குச் செய்யும் அவமரியாதை.

இவற்றுள் பலவற்றில் அடித்தட்டைத் திருப்பிவைக்கும் வசதியும் உண்டு. திருப்பினால் பின்னின் கால்கள் உள்நோக்கி மடங்காமல் வெளிநோக்கி விரியும். பிறகு பிரிக்க வேண்டிய காகிதங்களைத் தாற்காலிகமாகச் சேர்த்துவைத்து, வேலை முடிந்ததும் விரலாலேயே பின்னை இழுத்தெடுத்துவிடலாம்.