தொலைவும் நேரமும்

இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவை விமானத்தின் வேகத்தால் வகுத்தால், பயணநேரம் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதைச் சிறு தீவுகள் இரண்டு உணர்த்துகின்றன.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டம் உள்ளது. அதிலுள்ள வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் தீவுகளின் விமானத்தளங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 2.7 கிலோமீட்டரே. கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் விமான வழிகளுள் உலகிலேயே மிகக் குறுகியது இதுவாகும். 1967ஆம் ஆண்டில் இப்போக்குவரத்துத் தொடங்கியது.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் இத்தொலைவை 49 நொடியில் கடத்தல் வேண்டும். ஆயினும், அட்டவணை குறிப்பதோ 2 நிமிடம். இதற்குக் காரணம் யாது? விமானம் நின்ற நிலையிலிருந்து ஓடி மேலெழ வேண்டும். இறங்குமுன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொள்வதே அதற்கு நலம். அதன்பொருட்டு வளைந்தும் செல்ல நேரும். வழியில் எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்கும். பின்காற்று அதனைக் கூட்டும். எல்லாம் இசைந்து வந்த ஒருநாள், இப்பயணம் 53 நொடியில் முடிந்ததுண்டு.

பாப்பா வெஸ்ட்ரேயில் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி வாழ்ந்தோர் 90 பேரே. ஆசிரியரும் மருத்துவரும் நோயாளரும் இவ்வான்வழியே வந்து செல்வர். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது; மூடுபனி சூழ்ந்தால் விமானமும் எழாது. அன்று, மருத்துவரை எதிர்நோக்கும் நோயாளர்க்கு அந்த 2 நிமிட வழியும் நெடுவழியாகிவிடும்.

ஆகவே, பயணநேரத்தைக் கணக்கிடுவோர் தொலைவோடு காற்றையும் வானிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.