குக்கர் விசில் எங்கே போயிற்று?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கிறார். அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. பதறிப்போய் மைக்கை அணைக்கப் போகிறார். எதிர்முனையில் இருப்பவர்களுக்கோ விசிலே கேட்கவில்லை.

2019 டிசம்பரில் ஜூம் மீட்டிங்குகளில் நாளொன்றுக்குக் கலந்துகொண்டவர்கள் சுமார் 1 கோடி பேர். கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், அது 30 கோடி. அத்தனை வீட்டுச் சமையலறைகளும் வாசல்களும் நாய்களும் ஒரே சமயத்தில் அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டன. அதனால்தான் அந்த ஆண்டிலேயே கூகுள் மீட், டீம்ஸ் போன்றவை ஏ.ஐ. இரைச்சல் நீக்கத்தை அவசரமாகக் கொண்டுவந்தன. மீட்டிங் மென்பொருளில் இதுபோல எத்தனையோ புதுமைகள்: பின்னணியை மங்கலாக்குவது, நேரலை வசனம், மீட்டிங் முடிந்ததும் மின்னஞ்சலில் வந்து விழும் சுருக்கம். இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்தக் காணாமல்போன விசில்தான்.

மின்விசிறி, ஏ.சி. போன்ற ஒரே சீரான இரைச்சலுக்கு மருந்து எப்போதோ கிடைத்துவிட்டது. 1979இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் போல் ஒரு வழி சொன்னார். பேசுகிறவர் நிறுத்தும் இடைவெளியில் மைக்கில் விழுவது வெறும் இரைச்சல். எந்த அதிர்வெண்ணில் அது எவ்வளவு என்று அப்போதே அளந்துகொண்டு, பேச்சு வரும்போது அந்த அளவைக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகு மிஞ்சும் கிணுகிணு ஒலிக்குப் பொறியாளர்கள் ‘இசை இரைச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். கேட்டவர்கள் யாரும் அதை இசை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

குக்கரிடம் இந்தக் கணக்கு பலிக்காது. விசில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அளந்து முடிப்பதற்குள் அடங்கிவிடும். ஆகவே கணினிக்கு எது பேச்சு, எது பேச்சில்லை என்று பழக்க வேண்டியிருக்கிறது. சுத்தமாகப் பதிவான பேச்சை எடுத்து, அதன்மேல் குரைப்பு, கதவுச் சத்தம், கீபோர்டுத் தட்டல் எல்லாவற்றையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். கலந்தது கேள்வித்தாள், கலப்பதற்கு முன் இருந்தது விடைத்தாள். லட்சக்கணக்கான கேள்விகளுக்குப் பிறகு கணினி தேறிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2020இல் ஆய்வாளர்களுக்காக ஓர் இரைச்சல் நீக்கப் போட்டி நடத்தியது. அதற்குக் கொடுத்த சுத்தமான பேச்சு, லிப்ரிவாக்ஸ் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்களிலிருந்து எடுத்தது. நிதானமாகப் புத்தகம் வாசிக்கும் குரல்தான் அங்கே ‘பேச்சு’ என்பதற்கு இலக்கணம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் திறந்து காட்டுவதில்லை. ஜான்-மார்க் வாலின் 2017இல் வெளியிட்ட ஆர்.என்.நாய்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளில் பார்க்கலாம். அந்தப் பதிப்பு 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒலியை எடுத்து 22 அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் தருகிறது. 1 என்றால் அப்படியே விடு, 0 என்றால் அமுக்கிவிடு. கச்சேரி மேடைக்கு எதிரே மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் 22 திருகுகளை விநாடிக்கு 100 முறை திருப்பினால் எப்படியோ, அப்படி. காத்திருந்து முடிவெடுக்கவும் நேரமில்லை. உரையாடல் இயல்பாக இருக்க, வாயிலிருந்து காதுக்குப் போய்ச்சேரும் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். ஒரு சொல் முடிவதற்கு முன்பே அதன் முதல் எழுத்து பேச்சா, இரைச்சலா என்று தீர்ப்பு எழுதியாக வேண்டும்.

இந்தத் தீர்ப்பில் அநியாயமாக அடிபட்டது பாட்டு வகுப்பு. ஊரடங்குக் காலத்தில் மயிலாப்பூர்க் குருமார்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நடத்திய வகுப்புகளில் முதல் பலி தம்புரா. விடாமல், மாறாமல், அடியில் ஓடிக்கொண்டே இருப்பதுதான் சுருதியின் பெருமை. கணினியின் கண்ணில் அது ஒரு மின்விசிறி. ‘ஸா’வில் கார்வை கொடுத்து நின்றால், சில விநாடி கழித்து அதுவும் தேய்ந்து போகும். மிருதங்கத்தின் ‘தி’யும் ‘தொம்’மும் யாரோ மேஜையைத் தட்டுவதாகக் கணக்கில் போகும். போதாக்குறைக்கு எதிரொலி நீக்கி வேறு இருக்கிறது. குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாடினால் ஒருவர் குரலை அது அமுக்கிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்ற பொத்தான் இதற்காகவே இருக்கிறது. அழுத்தினால் வடிகட்டிகள் விலகிக்கொள்ளும், தம்புரா திரும்பி வரும். சேர்ந்து பாடுவது மட்டும் அப்போதும் நடக்காது. சென்னையிலிருந்து நியூஜெர்சி 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் ஒரு வழிக்கு 65 மில்லி விநாடிக்குக் குறையாது. தாளம் அதற்குள் தள்ளிப்போய்விடும். எந்த அப்டேட்டும் இதைச் சரிசெய்யப் போவதில்லை.

இருப்பதை எடுப்பது ஒரு பக்கம். இல்லாததைப் போடுவது இன்னொரு பக்கம். குரல் இணையத்தில் பயணம் செய்வது சிறு சிறு பொட்டலங்களாக, பெரும்பாலும் 20 மில்லி விநாடி அளவில். வழியில் சில தொலைந்துவிடும். தொலைந்த இடத்தில் குரல் ரோபோ மாதிரி உடைவதைக் கேட்டிருப்பீர்கள். கூகுள் 2020இல் தன் டியோ செயலியில் வேவ்நெட்-ஈக்யூ என்ற முறையைப் புகுத்தியது. 48 மொழிகளில் 100க்கு மேற்பட்டவர்களின் குரலில் பழகிய அது, விட்டுப்போன இடத்தில் அதே குரலில் தொடர்ச்சியை ஊகித்து ஒட்டிவிடும். 120 மில்லி விநாடி வரைதான். அதற்குமேல் மெல்ல அடங்கிவிடும். ஓர் அசையின் மிச்சத்தை நிரப்பலாம், ஒரு சொல்லை உருவாக்க முடியாது என்ற அளவில் வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலியை நான் மெச்சுகிறேன். அடுத்து வந்த வசதிகளில் இந்த அடக்கம் இல்லை.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் வேலிக்கு இடமே வைக்கவில்லை. ஓபன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர், 6,80,000 மணி நேர ஒலியில் பழகியது, நன்றாகவே எழுதும். ஆனால் 2024இல் வெளியான ஓர் ஆய்வு அதில் சுமார் 1 சதவீதப் பதிவுகளில் யாருமே சொல்லாத முழுச் சொற்றொடர்களோ வாக்கியங்களோ இருப்பதைக் கண்டது. இவை எங்கே அதிகம் முளைக்கின்றன தெரியுமா? பேசுகிறவர் நீளமாக நிறுத்தும் இடத்தில். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு தடைப்பட்டவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. மௌனத்தை மௌனமாக விட அதற்குத் தெரியவில்லை.

இதை நம் அலுவலக மீட்டிங்கில் வைத்துப் பாருங்கள். “அந்த டிக்கெட்டை இன்னிக்கு க்ளோஸ் பண்ண முடியாதுங்க” என்று ஒருவர் சொல்கிறார். வசனத்துக்கு ஒரு மொழியைத் தேர்ந்தெடு என்கின்றன பல மென்பொருள்கள். இந்த வாக்கியம் எந்த மொழி? எதிர்மறை வருவதோ கடைசியில், குரல் தணிந்து போகும் இடத்தில். வடிகட்டி அதிகம் கடிப்பதும் அப்படித் தணிந்த இடங்களைத்தான். ஓர் அறையில் நாலு பேர் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் யார் சொன்னது என்பதும் குழம்பும். இத்தனையும் தாண்டிச் சுருக்கம் எழுதும் ஏ.ஐ., “டிக்கெட் இன்று முடிக்கப்படும்” என்று முடியாது என்றவரின் பெயரைப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினால், மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மினிட்ஸ் எழுதும் மனிதரும் தப்பு செய்வார். ஆனால் சந்தேகம் வந்தால் “என்ன சொன்னீங்க?” என்று கேட்பார்.

ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் ஜூம் மாதிரி மென்பொருளில் இரைச்சல் நீக்கம் பேசுகிறவரின் கணினியிலேயே முடிந்துவிடுகிறது. இணையத்தில் ஏறுவதும், ரெக்கார்டிங்கில் பதிவாவதும், ஏ.ஐ. படித்துச் சுருக்குவதும் வடிகட்டிய பிறகு மிஞ்சிய ஒலிதான்.