இரண்டு சுற்று இறகு

பணி மாறுதலில் இமாசலப் பிரதேசத்தின் குளு மாவட்டத்திற்கு நான் வந்து சேர்ந்தது ஒரு நவம்பர் மாதம். மகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் மதுரையிலேயே தங்கிவிட்டது. விரைவில் இருள் கவியும் அப்பள்ளத்தாக்கில் நீண்ட இரவுகளை எவ்வாறு கழிப்பது என்று திகைத்திருந்தேன். அப்போது கிளையின் முதிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கைத்தொழிலைக் கற்றுத் தந்தார். அது டிரவுட் மீனுக்குச் செயற்கைப் பூச்சி கட்டுதல்.

டிரவுட், குளிர்ந்து தெளிந்தோடும் நீரில் வாழும் மீன். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, காஷ்மீரிலும் குளுவிலும் நம் நீலகிரியிலும் விடப்பட்டது. பெரும் இமாலயத் தேசியப் பூங்காவில் பிறந்து லார்ஜி அருகே பியாஸுடன் கலக்கும் தீர்த்தன் ஆறு இம்மீனுக்குப் பெயர் பெற்றது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலமாதலால் பிடிக்கத் தடை உண்டு. மற்ற மாதங்களிலும் மீன்வளத் துறையின் உரிமம் பெற்றே தூண்டில் இடலாம். ஆகவே தடைக்காலமே பூச்சி கட்டும் காலம்.

பெரியவர் கற்பித்தது மென்னிறகுப் பூச்சி. இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயர் ஆற்றங்கரைகளில் வளர்ந்த மரபு இது. டி. இ. பிரிட் 1885-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய பூச்சிகள் பலவற்றைப் பதிவு செய்தார். அமெரிக்கரான சில்வெஸ்டர் நீம்ஸ் 1975-இல் எழுதிய நூல் இம்மரபுக்குப் புத்துயிர் அளித்தது.

இவற்றுள் புகழ்பெற்ற 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு' கட்ட மூன்றே பொருள்கள் போதும்: முள், ஆரஞ்சு நிறப் பட்டு நூல், கௌதாரி இறகு. நம் நாட்டில் காட்டுக் கௌதாரியை வேட்டையாடுவது குற்றமாதலால், பெட்டைக்கோழியின் புள்ளியிட்ட மெல்லிறகைப் பயன்படுத்தினோம். பட்டு நூல், என் மனைவி அஞ்சலில் அனுப்பிய பூத்தையல் நூல். 12 அல்லது 14-ஆம் எண் முள்ளைப் பிடிப்பானில் பொருத்தி, நூலை நெருக்கமாகச் சுற்றி உடலாக்கி, முள்ளின் கண்ணருகே இறகைக் கட்டி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால் பூச்சி தயார்.

எனக்கோ இரண்டு சுற்று போதுமானதாகத் தோன்றவில்லை. இறகு அடர்ந்திருந்தால் மீனின் கண்ணில் நன்கு படும் என்று எண்ணி ஐந்தாறு சுற்றுகள் சுற்றினேன். குளிர்காலம் முடிவதற்குள் அறுபது பூச்சிகள் சேர்ந்தன. மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்திலும் ஆற்றில் நின்றேன். ஒரு மீனும் தொடவில்லை.

ஏப்ரலில் பெரியவர் உடன் வந்தார். என் பூச்சியை நீரோட்டத்தில் பிடித்துக் காட்டினார். அது நனைந்த பஞ்சுபோல் அசைவற்றுக் கிடந்தது. "மேனேஜர் சாகேப், மீன் அழகைப் பார்ப்பதில்லை, உயிர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது" என்றவர், நகத்தால் இறகில் பாதியைக் கிள்ளி எறிந்தார். மீண்டும் நீரில் இட்டபோது, எஞ்சிய இழைகள் மூச்சு விடுவதுபோல் விரிந்து ஒடுங்கின.

ஆற்றடியில் வளரும் பூச்சிகள் சிறகு பெறுவதற்காக மேலெழும்போது டிரவுட்டுக்கு எளிய இரையாகின்றன. அந்தத் தத்தளிப்பைத்தான் மென்னிறகு காட்டுகிறது. ஓட்டத்திற்குக் குறுக்காகச் சற்றுக் கீழ்நோக்கி வீசி, பூச்சி வளைந்து கரைப்பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மீன் கவ்வினால் வெடுக்கென இழுக்கலாகாது; கோலை மெல்ல உயர்த்தினால் போதும்.

மூன்றாம் வீச்சில் கோல் வளைந்தது. செம்புள்ளிகள் மின்னும், ஒரு சாண் நீளப் பழுப்பு டிரவுட். எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கியிருந்ததால் முள் எளிதில் கழன்றது. நீருக்குள்ளேயே சற்று நேரம் தாங்கிப் பிடித்தேன். வாலை ஒருமுறை அசைத்து மறைந்தது.

அன்றிரவு தொலைபேசியில், "எத்தனை கிலோ அப்பா?" என்று மகள் கேட்டாள். எடை போடவில்லை, விட்டுவிட்டேன் என்றேன். சிறிது மௌனத்திற்குப் பின், மே விடுமுறைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

மீதமிருந்த பூச்சிகளின் இறகுகளை அன்றிரவே அமர்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக் குறைத்தேன். அவற்றுள் இரண்டை அவளுக்கெனத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.