விமானச் சீட்டின் நேரமும் பயணத்தின் நேரமும்

மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்களுள் பலருக்குத் தமிழ்நாட்டில் உறவினர் உண்டு. திருமணத்திற்கோ துக்கத்திற்கோ அங்குச் செல்ல நேரும்போது, "எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்?" என்பதே முதற் கேள்வியாகும். இதற்குரிய கணக்கை இங்கு விளக்குவோம்.

நம் முன்னோர் கப்பலில் வந்தனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ரஜூலா கப்பலில் சென்னையிலிருந்து மலாயா வந்தடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. பின்னர் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் தீவிபத்துக்குள்ளானபின் அக்கப்பற்பயணமும் நின்றது.

இன்று சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் சுமார் 2,600 கிலோமீட்டர். மேலேறுதல், இறங்குதல் உட்பட இதனைக் கடக்க ஏறக்குறைய 4 மணி நேரம் பிடிக்கும். காற்றின் போக்கினால் இது சிறிது கூடலாம்; குறையலாம்.

ஆயினும் சீட்டைப் பார்ப்போர் குழப்பமடைவதுண்டு. எடுத்துக்காட்டாக, காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 11.30க்குச் சென்னை சேரும் என்றிருக்கும். திரும்பும்போதோ, பகல் 12.30க்குப் புறப்பட்டு இரவு 7.00க்கு வந்து சேரும் என்றிருக்கும். போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா? இல்லை. இரண்டும் 4 மணி நேரப் பயணமே. புறப்படும் நேரம் புறப்படும் நாட்டின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் நாட்டின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முந்தியது.

1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னகர்த்தப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. அதற்கு முன் வேறுபாடு இரண்டு மணியே. பழைய கணக்கை நினைவில் வைத்துள்ள பெரியோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

நள்ளிரவு விமானங்களில் மற்றோர் இடர் உண்டு. சீட்டில் 10ஆம் தேதி 00.30 என்றிருந்தால், அது 9ஆம் தேதி இரவு முடிந்து அரைமணி கழித்து வரும் நேரமாகும். 10ஆம் தேதி மாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் விமானம் என்றோ போயிருக்கும். 9ஆம் தேதி மாலையிலேயே கிளம்பவேண்டும்.

இனி, முழுப் பயணத்தைக் கணக்கிடுவோம். மலாக்காவிலிருந்து விமான நிலையத்திற்குச் சுமார் 2 மணி. அங்குச் சோதனைகளுக்கு 3 மணி. வானில் 4 மணி. சென்னையில் வெளிவர 1 மணி. அங்கிருந்து தஞ்சாவூருக்குச் சாலைவழியே 7 மணி. ஆக 17 மணி நேரம்! திருச்சிராப்பள்ளிக்கு நேரடி விமானம் கிடைப்பின், வான்வழித் தூரம் சற்றே கூடினும், அங்கிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டரே. சாலைப் பயணத்தில் ஐந்து மணிக்கு மேல் மிச்சமாகும்.

துக்கச் செய்தி வரும்போது, "நான்கு மணி நேரத்தில் வந்துவிடுவோம்" என்று ஊராருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாகாது. அவர்கள் அச்சொல்லை நம்பியே இறுதிச் சடங்கின் நேரத்தைக் குறிப்பர். கடப்பிதழும் விசாவும் ஆயத்தமாயுள்ளனவா எனப் பார்த்து, வீட்டு வாசல் முதல் ஊர் வாசல் வரை கணக்கிட்டு, இந்திய நேரப்படி சொல்லுங்கள். பெற்றோர் முகத்தை இறுதியாகக் காணும் வாய்ப்பு அக்கணக்கைப் பொறுத்தும் அமையலாம்.