கை கழுவவும் ஒப்புதல் கேட்க வேண்டுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் கழுத்திலோ தோளருகிலோ ஒரு குழாய் செருகியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ‘சென்ட்ரல் லைன்’ என்பார்கள். மருந்து இதயத்தருகே போய்ச் சேரும் வழி அது. அதே வழியில் கிருமி நுழைந்தால் ரத்தமே தொற்றுக்குள்ளாகும், உயிரும் போகலாம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் இதைத் தடுக்க ஐந்து வேலைகளை முன்வைத்தார். கையைக் கழுவ வேண்டும். தோலைக் குளோர்ஹெக்சிடினால் சுத்தம் செய்ய வேண்டும். அங்கி, கையுறை, முகக்கவசம் அணிந்து, நோயாளியைக் கிருமி நீக்கிய விரிப்பால் மூட வேண்டும். முடிந்தவரை தொடை இடுக்கில் குழாய் செருகக் கூடாது. தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிட வேண்டும். எல்லாமே மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. புதியது ஒன்றுதான்: மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் நர்ஸ் அவரை நிறுத்தலாம். மருத்துவமனைப் படிநிலையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்கள் இத்திட்டத்தில் சேர்ந்தன. குழாய் செருகியிருந்த ஒவ்வொரு 1,000 நாட்களுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது. 2006 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதை வெளியிட்டது.

அதன்பிறகு ஒரு புகார் போனது. மனிதர்கள் மீதான ஆய்வுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அரசு அலுவலகம் 2007இல் விசாரித்து, இது மனிதர்கள் மீதான ஆராய்ச்சி என்றது. பங்கேற்ற மருத்துவமனைகளின் நெறிக்குழுக்கள் இதைப் பரிசீலித்திருக்க வேண்டும், நோயாளிகளின் ஒப்புதல் பற்றியும் முடிவெடுத்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம். முழுப் பரிசீலனை தேவையில்லை என்று ஹாப்கின்ஸ் நெறிக்குழு முன்பு எடுத்த முடிவு ஏற்கப்படவில்லை. தகவல் சேகரிப்பு நின்றது. அறுவை சிகிச்சை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் இதைக் கடுமையாகக் கண்டித்தார்.

அதிகாரிகளின் அச்சத்துக்கு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களை, பென்சிலின் கிடைத்த பிறகும் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கொடுமை அம்பலமான பிறகுதான், 1974இல் ஆராய்ச்சியில் பங்கேற்போரைக் காக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை இலேசாக எண்ண யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் மிச்சிகனில் அது தவறான இடத்தில் பாய்ந்தது என்றே நினைக்கிறேன். ஒரு மருத்துவமனை இந்த ஐந்தையும் செய்துவிட்டுப் பலனை அளக்காமல் இருந்தால் எந்த நெறிக்குழுவும் கேட்காது. ஐந்தில் ஒன்றையும் செய்யாமல் நோயாளிகளைத் தொற்றுக்குக் கொடுத்தாலும் கேட்காது. செய்ததை அளந்து, பிறரும் கற்கும்படி எழுதினால்தான் கேள்வி வரும். ‘இது ஆராய்ச்சியா?’ என்று தொடங்கும் விசாரணை இங்குதான் கொண்டுபோய் விடும். ‘இதனால் நோயாளிக்குப் புதிதாக ஏதாவது ஆபத்து சேர்கிறதா?’ என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கை கழுவுவதால் அப்படி ஒன்றும் சேர்வதில்லை.

அதற்காகத் தரமேம்பாடு என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடவும் முடியாது. நோயாளிகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புவதும், ஒரு ஷிப்டில் நர்ஸ்களைக் குறைப்பதும் அதே பெயரில் வரலாம். செலவு குறைவது நிர்வாகத்துக்கு, ஆபத்து நோயாளிக்கு. அங்கே ஒப்புதலும் வெளியாரின் கண்காணிப்பும் வேண்டும். நோயாளியின் பதிவேட்டை யார் பார்க்கிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

2008 பிப்ரவரியில் அந்த அலுவலகமே இறங்கிவந்தது. அந்த ஐந்து வேலைகளின் பட்டியல் இனி சிகிச்சையாகவே பயன்படுவதால் ஆய்வு விதிகள் பொருந்தாது, மிச்சிகன் மருத்துவமனைகள் தொடரலாம் என்று அறிவித்தது. தொடக்கத்தில் அது ஆராய்ச்சியே என்ற நிலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எது தரமேம்பாடு, எது ஆராய்ச்சி என்ற சிக்கல் இன்றும் மருத்துவமனைகளைத் தயங்கவைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் நோயாளிகள் சார்பில் ஒருவரும் இடம்பெறும் சிறு குழு ஒன்று இருக்கட்டும். ஆபத்து குறைந்த திட்டங்களுக்கு அது சில நாட்களில் பதில் சொல்லட்டும். ஆபத்து கூடுபவற்றை முழு நெறிக்குழுவுக்கு அனுப்பட்டும். தொற்று எண்ணிக்கையை அளக்காத ஐசியூவிடம் ‘ஏன் அளக்கவில்லை?’ என்று கேட்கும் அதிகாரத்தையும் அதே குழுவுக்குத் தர வேண்டும்.