சிறுவர் நூல்கள் சிறுவர்களுக்கு மட்டுமா?

"உயர்தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் கையில் சிறுவர் கதைப் புத்தகமா?" என்று உம்மா ஒருநாள் கேட்டார். ஐந்தாம் தரத்தில் படிக்கும் தம்பிக்கு வாசித்துக் காட்டவே அந்நூலை நூலகத்தில் இரவல் எடுத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு, இஷா தொழுகையை முடித்துவிட்டு உம்மாவும் எங்களருகே வந்து அமர்ந்தார். நல்ல சிறுவர் நூலின் இயல்பு அதுதான். சிறுவருக்கு ஒன்றைச் சொல்லும்போதே பெரியவருக்கு வேறொன்றையும் அது சொல்லிவிடும்.

அந்நூல், ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி தனது சிறுபராயத்தைப் பற்றி எழுதிய 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. 1981இல் வெளியான இந்நூல் தமிழிலும் வந்துள்ளது. மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுவதும், ஜன்னலில் நின்று தெரு இசைக்காரர்களை அழைப்பதுமாக இருந்த டோட்டோ-சான், முதலாம் வகுப்பிலேயே பாடசாலையிலிருந்து விலக்கப்படுகிறாள். தாய் அவளை வேறொரு பாடசாலைக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். அதிபர் கோபயாஷி முதல் நாளன்று சுமார் நான்கு மணிநேரம் சலிக்காமல் அவள் பேச்சைக் கேட்கிறார்.

மலகூடக் குழியில் விழுந்த பணப்பையைத் தேடி அவள் எல்லாவற்றையும் வெளியே அள்ளிக் குவிக்கும் இடத்தில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். உம்மாவை நிறுத்தியது வேறோர் இடம். விலக்கப்பட்ட செய்தியை அந்தத் தாய், மகள் இருபது வயதைத் தாண்டும் வரை அவளிடம் சொல்லவேயில்லை. அதைக் கேட்டு உம்மா மௌனமானார். 'வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை' என்று தம்பியைப் பற்றி வந்த முறைப்பாட்டை, வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் அவன் முன்னிலையிலேயே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது.

அடுத்து 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சு விமானி அந்துவான் த செந்த் எக்சுபெரி எழுதி 1943இல் வெளியான இந்நூல், பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழாக்கப்பட்டுள்ளது. சிறு கிரகம், ரோஜா, செம்மறியாடு, நரி என்று சிறுவர் மகிழ நிறைய உண்டு. பெரியவர்களோ, நட்சத்திரங்களை எண்ணி எண்ணி அவை தனக்கே சொந்தம் என்று நம்பும் வியாபாரியைச் சந்திப்பார்கள். அவ்விடத்தை வாசித்தபோது, கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வாப்பா தலையை உயர்த்திச் சிரித்தார். பிறகு கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார்.

மூன்றாவது, நம் நாட்டு நூல். சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் எழுதி, ஓவியங்களும் வரைந்த 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன். குடையையே கண்டிராத கிராமத்துக்குக் கிரி மாமா கொண்டுவரும் குடைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன. திருடன் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. சிறுவர்களின் மகிழ்ச்சியே அதில்தான். தொலைத்தவற்றைக் கண்டுபிடித்த பின்னும், ஒரு குடையைத் திருடனுக்கென்றே அவர் விட்டுவருகிறார். அந்த ஒரு குடையைப் பற்றிப் பெரியவர்கள் நெடுநேரம் யோசிக்கலாம்.

பெற்றோரே, பிள்ளைக்கு நூலை வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். இரவில் பத்து நிமிடம் கூட இருந்து வாசியுங்கள். முடிந்ததும், "இதிலிருந்து என்ன படிப்பினை பெற்றாய்?" என்று கேட்க வேண்டாம், அது பரீட்சைத் தாளின் கேள்வி. தோழியரே, தம்பி தங்கைக்கு வாசிக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வாசியுங்கள். அடுத்த அறையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.