கால்வாய்ப் படகுக்குச் சின்ன ஜெனரேட்டர் போதும்

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் ஓடும் படகுகளின் அகலம் 7 அடிக்குச் சற்றே குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டில், கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியின் காலத்தில் கட்டிய நீர்ப்பூட்டுகள் ஏழடி அகலம்தான் என்பதால், அன்று நிலக்கரி சுமந்த படகுக்கும் இன்று குடும்பம் நடத்தும் படகுக்கும் ஒரே அளவு. நீளம் மட்டும் 70 அடி வரை போகும். இந்த எஃகுக் கூட்டுக்குள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி எல்லாம் உண்டு. நிரந்தரத் துறை இல்லாத படகுகள் பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. அவை நிற்கும் கரைகளில் பெரும்பாலும் மின் இணைப்பும் கிடையாது. கோடையில் கூரைமேல் போட்ட சோலார் தகடே பெரும்பாலும் சமாளித்துவிடும். டிசம்பரில் பகலே எட்டு மணி நேரம்தான், அதிலும் சாய்ந்த வெயில். அப்போதுதான் ஜெனரேட்டர் நினைவுக்கு வருகிறது. வாங்கப் போகிறவர் கெட்டிலுக்கு 3 கிலோவாட், வாஷிங் மெஷினுக்கு 2, மைக்ரோவேவுக்கு ஒன்றரை என்று கூட்டி ஆறு, ஏழு கிலோவாட்டில் வந்து நிற்பார். கூட்டல் சரி, கூட்டிய பொருள்கள்தான் தவறு.

படகில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி அது கெட்டிலுக்காக ஓடுவதில்லை, பேட்டரிக்காக ஓடுகிறது. ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு, விளக்கு, லேப்டாப் சேர்ந்து நாளொன்றுக்கு ஒன்றரை கிலோவாட்-மணி எடுத்தால், 12 வோல்ட் கணக்கில் அது 125 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர் சார்ஜர் 14.4 வோல்ட்டில் கொடுப்பது 864 வாட். இழப்பையும் சேர்த்தால் ஜெனரேட்டரிடம் அது கேட்பது ஏறக்குறைய ஒரு கிலோவாட். அதுவும் தொடக்கத்தில் மட்டும். ஈய-அமில பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்ததும், வயிறு நிறைந்தவன் கடைசிக் கவளத்தை மெல்வதுபோல, மணிக்கணக்கில் இழுக்கும். அப்போது அது எடுப்பது இருநூறு, முந்நூறு வாட். ஆறு கிலோவாட் டீசல் எஞ்சினுக்கு இது வேலையே இல்லை. டீசல் எஞ்சின் சுமையோடு சூடாக ஓட வேண்டியது. சும்மா ஓடவிட்டால் எண்ணெய் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கரி படியும். சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி எஞ்சின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கும். பெரிய எஞ்சின் சிரமப்படாமல் ஓடி நீண்ட நாள் உழைக்கும் என்ற வாதம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

கெட்டிலுக்கு என்ன செய்வது? நான்கு நிமிடம் 3 கிலோவாட் என்றாலும் மொத்தம் செலவாவது 0.2 கிலோவாட்-மணிதான். அந்த நேரத்துக்கு மட்டும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சுமையைத் தாங்கட்டும். ஆனால் 12 வோல்ட்டில் 250 ஆம்பியருக்கு மேல் பாயும் என்பதால் விரல் பருமனில் கேபிள் வேண்டும். அந்தச் செலவுக்கு கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சுவதே மேல். கேஸே இல்லாமல் மின்அடுப்பில் சமைக்கும் படகுக்கு என் கணக்கு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். லித்தியம் பேட்டரி உள்ளவருக்கும் கொஞ்சம் தளர்த்தலாம். அது ஏறக்குறைய நிறையும் வரை முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொள்ளும், பெரிய சார்ஜர் போட்டு சீக்கிரம் முடிக்கலாம். அதற்குப் பயனும் உண்டு: கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் விதிப்படி, பக்கத்தில் வேறு படகோ வீடோ இருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓட்டக்கூடாது.

அப்படியானால் சூட்கேஸ் அளவில் விற்கும் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரே போதாதா? அளவுக்குப் போதும், விலையும் மலிவு. சிக்கல் பெட்ரோலில். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் இறங்கித் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மழைக்குப் பயந்து அதைப் படகுக்குள் வைப்பது இன்னும் மோசம். 2013-இல் விண்டர்மியர் ஏரியில் ஒரு படகில் இருவர் கார்பன் மோனாக்சைடால் இறந்தனர். எடுத்துச்செல்லும் ஜெனரேட்டரை எஞ்சின் அறையில் பொருத்தி, கையால் செய்து மாட்டிய புகைக்குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது. தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புத் திட்டத்தில் கட்டாயமானது. அலாரம் இருந்தாலும் பெட்ரோல் ஜெனரேட்டரின் இடம் கரைதான், பெட்ரோல் ஊற்றுவதும் அங்கேதான்.

படகுக்குள்ளேயே பொருத்துவதென்றால் 3 கேவிஏ அளவிலான டீசல்தான் என் தேர்வு. 50 ஹெர்ட்ஸுக்கு நான்கு துருவ இயந்திரம் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் போதும். இரு துருவம் 3000 சுற்ற வேண்டும். முன்னது கனம், ஆனால் அமைதி. தட்டையான அடிப்பகுதியில் அதை ஒரு பக்கமாக வைத்தால் படகு சாயும். மறுபக்கம் பாரக்கல் வைத்துச் சரிக்கட்ட வேண்டும். கால்வாய் நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடு சேற்றிலும் பாசியிலும் அடைத்துக்கொள்ளும். அதனால் படகின் எஃகுச் சுவரை ஒட்டிப் பற்றவைத்த தொட்டிக்குள் குளிர்நீரைச் சுற்றவிடுகிறார்கள். நான்கு குதிரைத்திறனுக்கு ஒரு சதுர அடி என்பது நடைமுறைக் கணக்கு. மின்இணைப்பில் ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடும், எர்த்தைப் படகின் எஃகு உடலோடும் பிணைக்காவிட்டால், கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிடி நம்பியபடி வேலை செய்யாது. டீசலை பிரதான எஞ்சினின் தொட்டியிலிருந்தே எடுக்கலாம். ஆனால் ஜெனரேட்டரின் உறிஞ்சுகுழாய் நுனியைச் சற்று உயரத்தில் நிறுத்த வேண்டும். டீசல் குறைந்தால் முதலில் ஜெனரேட்டர் நிற்கும், அடுத்த பங்க் வரை படகை ஓட்டிச்செல்ல அடியில் மிச்சம் இருக்கும்.